ரோமர் 13 யார் கையில் இருக்கிறது?

அரசாங்கம் செய்த ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு கிறிஸ்தவர் வாயைத் திறந்தால் போதும், இன்னொரு கிறிஸ்தவர் ரோமர் 13-ஐ, அதாவது அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 13-ஆம் அதிகாரத்தை, தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "உண்டாயிருக்கிற அதிகாரங்கள் தேவனாலே நியமிக்கப்பட்டிருக்கிறது" என்று பவுலே எழுதிவிட்டார், அப்புறம் என்ன கேள்வி என்பார். அதே ஆளுக்குப் பிடிக்காத சட்டம் ஒன்று வரட்டும், அன்றைக்கு அவர் கையில் அப்போஸ்தலர் 5:29 இருக்கும்: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது." இரண்டும் வேதவசனம்தான், இரண்டையும் நானும் ஏற்கிறேன். ஆனால் எந்த வசனம் எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்று கவனித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் எல்லை தாண்டி வந்த குடும்பங்களில் பெற்றோரைக் காவலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கொண்டுபோனார்கள். எதிர்ப்பு வலுத்தது. ஜூன் மாதம் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பேசிய அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் ரோமர் 13-ஐ எடுத்தார், அரசாங்கத்தின் சட்டங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லிப் பவுல் தெளிவாகக் கட்டளையிட்டிருக்கிறார் என்றார். அவர் மெதடிஸ்ட். அவருடைய சொந்தச் சபைப் பிரிவின் போதகர்களும் விசுவாசிகளுமாக 600 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, சபைச் சட்டப்படி அவர்மேல் புகார் கொடுத்தார்கள். அது பிறகு தள்ளுபடி ஆனது, அது வேறு கதை. இரண்டு வருடம் கழித்து, கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், கலிபோர்னியாவின் கிரேஸ் கம்யூனிட்டி சபை சபைக்குத் தலைவர் கிறிஸ்துவே, இராயன் (ரோமப் பேரரசன்) அல்ல என்று அறிக்கை விட்டு, கூடுவதற்கு இருந்த தடையை மீறி ஆராதனை நடத்தியது. அந்த மாதங்களில் உலகம் முழுக்கச் சபைகளில் எந்த வசனம் அதிகம் ஓடியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு இடத்திலும் பேசியது ஒரே ஆட்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளைப் பிரித்ததைக் கண்டித்த சபைகளும் ஏராளம், கொரோனா விதிகளை அமைதியாக ஏற்றுக்கொண்ட சபைகளும் ஏராளம். ஆனாலும் அடுத்தவன் பிள்ளை என்றால் ரோமர், நம் ஆராதனை என்றால் அப்போஸ்தலர் என்று பிரிந்து போகிற பழக்கம் நமக்குள் இருக்கிறது, அது பழைய பழக்கம்.

எவ்வளவு பழையது என்றால், 1850-ல் அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிச் சட்டம் வந்தபோதே அதற்குப் பிரசங்க மேடையிலிருந்து ஆதரவாக வாசிக்கப்பட்டது இந்த ரோமர் 13. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோதும் இதே பகுதிதான். அங்கே 1985 செப்டம்பரில் கைரோஸ் ஆவணம் என்று ஒன்று வெளியானது. மக்கள் தெருவில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் இறையியலாளர்களும் போதகர்களும் சேர்ந்து எழுதியது. அதில் அவர்கள் அரசாங்கத்துக்கு என்றே ஒரு இறையியல் இருக்கிறது என்று பெயரிட்டுச் சொன்னார்கள், அந்த இறையியலின் முதல் தூண் ரோமர் 13-ஐத் தவறாகப் பயன்படுத்துவது என்றும் சொன்னார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அரசாங்கத்தைத் திட்டியதோடு நிறுத்தாமல், சமாதானம், ஒப்புரவு என்று நல்ல வார்த்தைகளைப் பேசிக்கொண்டு யார் பக்கமும் நிற்காத சபைகளையும் ஒரு பிடி பிடித்தார்கள். அநியாயம் அப்படியே இருக்க, ஒப்புரவாகுங்கள் என்று அடிபட்டவனிடம் போய்ச் சொல்வது என்ன ஒப்புரவு?

சரி, பவுல் அங்கே என்னதான் சொல்கிறார்? முதலில் ஒன்று: அவர் 12, 13 என்று எண் போட்டு எழுதவில்லை. அந்தப் பிரிப்பு பல நூற்றாண்டுக்குப் பின் வந்தது. எண்ணை மறந்துவிட்டு வாசித்தால், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள், பழிவாங்காதிருங்கள், "தீமையை நன்மையினாலே வெல்லு" என்று வந்து, அந்தப் பேச்சு ஓயுமுன்பே அதிகாரிகளைப் பற்றி ஏழு வசனம் வருகிறது, உடனே அன்புகூருகிற கடனைத் தவிர யாருக்கும் எதிலும் கடன்படாதிருங்கள் என்று மறுபடி அன்புக்கே போய்விடுகிறது. முன்னாலும் பின்னாலும் அன்பு, நடுவில் இந்த ஏழு வசனம். நடுவிலிருப்பதை மட்டும் வெட்டி எடுத்தால் அது எந்த ஆட்சிக்கும் பொருந்தும் முத்திரை ஆகிவிடுகிறது.

இரண்டாவது, கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். கி.பி. 57 வாக்கில், நீரோ ஆட்சிக்கு வந்து சில வருடங்களே ஆன சமயம். கிலவுதியு இராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டு விரட்டிய நினைவு இன்னும் ஆறவில்லை, பவுலோடு வேலை செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படி விரட்டப்பட்டு வந்தவர்கள்தான். வரி வசூலிப்பவர்களின் அடாவடியைப் பற்றி ரோமாபுரி மக்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான், 58-ஆம் வருடத்துச் செய்தியாக ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் அதைக் குறித்து வைத்திருக்கிறார். கூடிவர ஒரு வீட்டு அறையைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு சின்னக் கூட்டத்துக்கு, ஆட்சியாளரிடம் எந்தச் செல்வாக்கும் இல்லாத ஒருவர், வீணாகப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், வரியைக் கட்டுங்கள் என்று எழுதுகிறார். பட்டயம், அதாவது வாள், இல்லாதவன் பட்டயம் இல்லாதவனுக்கு எழுதியது. அதைப் பட்டயம் வைத்திருப்பவன் கையில் எடுத்து மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டும்போது எழுத்து அதேதான், ஆனால் பேசுகிற ஆள் மாறிவிட்டான்.

பவுல் தன் வாழ்க்கையில் இதை எப்படிக் கடைப்பிடித்தார் என்பதற்கு அப்போஸ்தலர் 16 இருக்கிறது. கீழ்ப்படிதல் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை ஏனோ யாரும் எடுப்பதில்லை. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற ஆவியுள்ள ஒரு அடிமைப் பெண்ணைப் பவுல் குணமாக்குகிறார். அவளை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த எஜமான்களுக்கு வருமானம் போயிற்று. அதற்காகப் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே அவர்கள் என்ன குற்றம் சொன்னார்கள்? எங்கள் வருமானம் போச்சு என்றா? இல்லை, இந்த மனுஷர் யூதர்கள், நம் பட்டணத்தில் கலகம் பண்ணுகிறார்கள் என்றார்கள். பணத்தில் கை வைத்ததை மறைக்க இனத்தையும் ஊர் ஒழுங்கையும் முன்னால் வைப்பது அன்றே நன்றாக வேலை செய்திருக்கிறது. விசாரணை இல்லாமல் வஸ்திரங்களைக் கிழித்து, கோலால் அடித்து, உள்காவலறையில் காலைத் தொழுமரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

இராத்திரி பூமியதிர்ச்சி, சிறைச்சாலைக்காரன் மனமாற்றம் எல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் சொல்ல வருவது மறுநாள் காலையில் நடந்தது. அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அந்த ஆட்களை விட்டுவிடு என்று சொல்லி அனுப்புகிறார்கள். விடுதலை கிடைத்துவிட்டது, முதுகில் காயம், பேசாமல் கிளம்பியிருக்கலாம். பவுல் மாட்டேன் என்கிறார். ரோமராகிய எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னிலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். ரோமப் பிரஜையை விசாரணையின்றி அடிப்பது ரோமச் சட்டப்படியே குற்றம், அதிகாரிகள் வெலவெலத்துப் போய் நேரில் வந்து கெஞ்சுகிறார்கள். பவுல் அதற்கப்புறமும் உடனே ஊரை விட்டுப் போகவில்லை, லீதியாளின் வீட்டுக்குப் போய் சகோதரரைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அந்த வீட்டில் கூடிய புது விசுவாசிகள் அதே ஊரில் அதே அதிகாரிகளின் கீழ் இருக்க வேண்டியவர்கள். குற்றவாளியின் ஆட்கள் என்ற பெயர் அவர்கள்மேல் விழக்கூடாது என்பதற்காகத்தான் பவுல் அந்தக் காலையில் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று நான் வாசிக்கிறேன். அதிகாரம் தேவனால் உண்டானது என்று எழுதிய அதே ஆள்தான், அதிகாரியை நேரில் வரவழைத்தவர். ரோமர் 13 சொல்கிறபடி அதிகாரி தேவ ஊழியக்காரன் என்றால், அவன் கடமை தவறும்போது அதைச் சுட்டிக்காட்டுவது அவனை மதிப்பதில் சேர்ந்ததுதானே.

ஆக, கீழ்ப்படிய வேண்டுமா வேண்டாமா என்று வசனத்துக்கு வசனம் வீசிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. எந்தச் சபையும் ஏதோ ஒரு நாள் மறுத்துத்தான் பேசுகிறது. யாருக்காக மறுக்கிறது என்பதுதான் எனக்குக் கேள்வி.

இதற்கு அம்புரோஸ் நல்ல உதாரணம், அவரைப் பற்றி நாம் வழக்கமாகப் பாதிக் கதைதான் சொல்கிறோம். சொல்கிற பாதி இது: கி.பி. 390-ல் தெசலோனிக்கேயாவில் ஒரு தளபதியைக் கும்பல் கொன்றதற்குப் பழியாக, பேரரசர் தெயோதோசியுவின் படைகள் ஊர் மக்களை வெட்டிச் சாய்த்தன. மிலான் பேராயர் அம்புரோஸ், மனந்திரும்பும்வரை உமக்கு நற்கருணை இல்லை என்று பேரரசருக்கே எழுதினார். ஆலய வாசலில் கையை நீட்டிப் பேரரசரைத் தடுப்பது போன்ற ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் காட்சி பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. உண்மையில் அவர் மிலானை விட்டு விலகி, பேரரசர் மட்டும் படிக்கட்டும் என்று தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். எனக்கு ஓவியத்தைவிடக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. பேரரசரும் எல்லார் முன்னிலும் பாவ அறிக்கை செய்து, அந்த வருட கிறிஸ்துமஸில்தான் நற்கருணைக்குத் திரும்பினார்.

சொல்லாத பாதி அதற்கு இரண்டு வருடம் முந்தையது. 388-ல் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கரையில் கல்லினிக்கும் என்ற ஊரில் யூதர்களின் ஜெப ஆலயத்தைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று எரித்துவிட்டது, பின்னணியில் அந்த ஊர் ஆயரே இருந்தார். தெயோதோசியு, ஆயர் தன் செலவில் அதைக் கட்டிக் கொடுக்கட்டும் என்று உத்தரவிட்டார். நியாயமான உத்தரவு, ரோமர் 13:4 சொல்கிறபடி தீமை செய்தவனைத் தண்டிக்கிற வேலையை அன்றைக்கு ஒரு ஆட்சியாளர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். அம்புரோஸ் என்ன செய்தார் தெரியுமா? முதலில் கடிதம் எழுதினார், பிறகு பேரரசர் ஆலயத்தில் இருக்கும்போது அவரை வைத்துக்கொண்டே பிரசங்கித்தார், உத்தரவைக் கைவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கும்வரை பலிபீடத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றார். பேரரசர் பணிந்தார். எரிந்தது எரிந்ததுதான்.

அதே ஆள், அதே துணிச்சல், எதிரே அதே பேரரசர். ஒரு தடவை செத்தவர்களுக்காக நின்றார், இன்னொரு தடவை தீ வைத்தவர்களுக்காக நின்றார், அவர்கள் நம்மவர்கள் என்பதற்காக. ரோமர் 13-ஐ எடுத்துப் பிரசங்கிக்க வரலாற்றில் பொருத்தமான நாள் ஒன்று உண்டென்றால் அது 388-ல் அந்த நாள்தான், அன்றைக்கு அதை எடுக்க ஆளில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே சிக்கல். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மன் சபையின் ஒரு பகுதி முழுக்க அவர் பக்கம் சாய்ந்தபோது, அதை எதிர்த்து 1934 மே மாத இறுதியில் பார்மென் நகரில் கூடிய சபையார் ஆறு தீர்மானங்கள் கொண்ட அறிக்கையை வெளியிட்டார்கள், பெரும்பகுதி இறையியலாளர் கார்ல் பார்த் எழுதியது. இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு ஒருவரின் குரலுக்குச் சபை கீழ்ப்படியாது என்று அந்த நாட்டில் அந்த வருடத்தில் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும். ஆனால் அதில் யூதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்கு முன்பு நீமொல்லர் என்ற ஜெர்மன் போதகர் திரட்டிய போதகர்கள் எதிர்த்ததும்கூட முக்கியமாக, யூத வம்சத்தில் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற போதகர்களைச் சபை வேலையிலிருந்து நீக்குவதைத்தான். சபைக்கு உள்ளே இருந்தவர்களுக்காகப் பேசினார்கள். வெளியே இருந்தவர்களுக்காக அப்போதே பேசச் சொன்னவர்களில் இளம் இறையியலாளர் போன்ஹோஃபர் ஒருவர். 1933-லேயே, சக்கரத்தில் நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போடுவதோடு நிற்காமல் சக்கரத்தையே நிறுத்த வேண்டிய நேரமும் வரலாம் என்று எழுதினார். பார்த் தன் கடைசிக் காலத்தில், 1967-ல், யூதர் பிரச்சினையை அன்று முன்னால் வைக்காதது தன் குற்றம் என்று ஒத்துக்கொண்டார்.

பிரான்சின் லே ஷாம்போன் என்ற மலைக் கிராமம் இதற்கு நேர் எதிர். பிரான்ஸ் சரணடைந்த மறுநாள், 1940 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்த போதகர் ஆந்த்ரே த்ரோக்மே, மனசாட்சியின்மேல் வருகிற வன்முறையை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவன் கடமை என்று அறிவித்தார். அடுத்த நான்கு வருடம் அந்த மேட்டு நிலத்துப் பண்ணைகளிலும் பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒளிந்து பிழைத்தார்கள், பெரும்பாலும் யூதர்கள், நிறையப் பிள்ளைகள். த்ரோக்மேயின் உறவினரான ஆசிரியர் தானியேல் த்ரோக்மே தன் மாணவர்களோடு பிடிபட்டு மைதானெக் முகாமில் இறந்தார். அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சிறுபான்மையினர், புராட்டஸ்டண்ட் வழிபாட்டை அரசன் தடைசெய்த 1685-க்குப் பின் அவர்களுடைய முன்னோர்களே வேட்டையாடப்பட்டவர்கள். அப்படிப்பட்ட நினைவை வைத்திருந்த எத்தனையோ சமூகங்கள் இனி நம் பாதுகாப்பை மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்திருக்கின்றன, இவர்கள் அதே நினைவை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். அவர்கள் பெரிய அறிக்கை எதுவும் வெளியிட்டதாகத் தெரியவில்லை, வந்தவர்களை உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு வருவோம். 2022 செப்டம்பரில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில், உக்ரைன் போரில் கடமையில் சாகிறவனின் பலி அவனுடைய எல்லாப் பாவங்களையும் கழுவுகிறது என்று பிரசங்கித்தார். அந்தச் சபையிலேயே மாஸ்கோ பாதிரியார் ஒருவர், வாசிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஜெபத்தில் வெற்றியைக் கேட்கிற இடத்தில் சமாதானத்தைக் கேட்டு ஜெபித்தார். 2023-ல் அவருடைய குருத்துவத்தைப் பறித்தார்கள். வேதபுத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டி இதை நியாயப்படுத்துவது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் யாராவது ஒருவர் ரோமர் 13-ஐக் காட்டியிருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். நம்மவர்களையே அடிக்கிறார்கள், ஆலயத்தை மூடுகிறார்கள், அப்போது நம்மவர்களுக்காகப் பேசுவது தப்பா? தப்பே இல்லை. பவுல் தன் குடியுரிமையைப் பயன்படுத்தினார், தன் வழக்கை இராயனே விசாரிக்கட்டும் என்று அவருக்கு அபயமிட்டார். விசேஷமாக விசுவாச குடும்பத்தாருக்கு நன்மை செய்யுங்கள் என்று கலாத்தியரில் எழுதியதும் அவரே, ஆனால் யாவருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் விசேஷமாக என்கிறார். எனக்கு உறுத்துவது கணக்குதான். ஒரு சபை கடந்த பத்து வருடத்தில் வெளியிட்ட அறிக்கைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள், எத்தனை நம் கட்டடம், நம் நிறுவனம், நம் சலுகை பற்றியது, எத்தனை நமக்கு ஓட்டும் போடாத, காணிக்கையும் போடாத, நம் ஜெபமும் ஜெபிக்காத ஒருவனைப் பற்றியது. அடுத்த மதத்தவனின் ஆராதனை இடத்துக்கு ஆபத்து வந்தபோது ஒரு சபை பேசியிருந்தால், பிறகு தன் ஆலயத்துக்காக அது பேசும்போது கேட்க ஆளிருக்கும்.

அப்படியென்றால் போதகர் மேடையில் கட்சி பெயர் சொல்லலாமா என்று கேட்பார்கள். என் கருத்தில் கூடாது. அது பயத்தால் சொல்வதல்ல. கட்சி பெயரைச் சொன்ன நாளிலிருந்து அந்தக் கட்சி செய்வதற்கெல்லாம் வாய் மூடிக்கொள்ள வேண்டிவரும், தாவீது ராஜாவின் பாவத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்ன தீர்க்கதரிசி நாத்தான் அவர் அரண்மனையில் கூலிக்கு இருந்திருந்தால் "நீயே அந்த மனுஷன்" என்று விரலை நீட்டியிருக்க முடியுமா என்று யோசியுங்கள். செயலின் பெயரைச் சொல்லலாம், சொல்லித்தான் ஆக வேண்டும்: பிள்ளையைப் பிரித்தது தப்பு, விசாரணையில்லாமல் அடித்தது தப்பு, ஜெப ஆலயத்தை எரித்தது தப்பு, எரித்தவன் நம் ஆயராக இருந்தாலும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கவும் வேண்டும், 1 தீமோத்தேயு 2 அதைத் தெளிவாகச் சொல்கிறது. பேரரசருக்காக ஜெபிக்கிறோம், அவரைத் தெய்வம் என்று மட்டும் சொல்லமாட்டோம் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிய காலத்திலிருந்து நாம் செய்துவருவதுதான்.

வரியையும் கட்டிவிடுங்கள். ஏழு வசனத்தில் பவுல் சுற்றி வளைக்காமல் சொன்னது அது ஒன்றுதான், வசனச் சண்டை போடுகிறவர்கள் யாரும் அதை மட்டும் மேற்கோள் காட்டி நான் பார்த்ததில்லை.